திண்டுக்கல் மலைக்கோட்டையும் மறக்கப்பட்ட 35 ஆண்டுகளும்

வத்தலக்குண்டிலிருந்து திண்டுக்கல்லுக்குச் செல்வோர், ஊரை நெருங்கும்போது வீடுகளுக்கு மேலே ஒரு மொட்டைப் பாறை எழுந்து நிற்பதைக் காணாதிருக்க இயலாது. திண்டைப் போன்ற கல் என்பதால் ஊருக்கே திண்டுக்கல் எனப் பெயர் வந்தது என்பர். அப்பாறையின் தலைமீது ஒரு கோட்டை இருக்கிறது. இந்தியத் தொல்பொருள் ஆய்வுத் துறையின் பாதுகாப்பில் உள்ள, நாட்டு முக்கியத்துவம் வாய்ந்த நினைவுச் சின்னங்களுள் அதுவும் ஒன்று. விடுமுறை நாள்களில் பல்லாயிரவர் ஏறி இறங்குகின்றனர், காற்று வாங்குகின்றனர், பீரங்கியின் அருகே நின்று படம் எடுத்துக்கொள்கின்றனர். ஆனால் அந்தக் கோட்டையின் கதை என்ன என்று கேட்டால், பெரும்பாலோர் தரும் விடை மூன்று வாக்கியங்களில் முடிந்துவிடுகிறது. நாயக்கர் கட்டினார். மைசூர்க்காரர் படையெடுத்து வந்தனர். பின்னர் வெள்ளையர் கைப்பற்றினர்.

இந்த மூன்று வாக்கியங்களுள் நடுவே உள்ளதைத்தான் நாம் கேள்விக்கு உட்படுத்துகிறோம். ‘படையெடுத்து வந்தனர்’ என்னும் அந்த ஒற்றைத் தொடருக்குள் 35 ஆண்டுகள் புதைக்கப்பட்டுள்ளன. 1755 முதல் 1790 வரையிலான அந்த ஆண்டுகளை எடுத்துவிட்டால், திண்டுக்கல் கோட்டை ஒரு சுற்றுலா மேடு. சேர்த்துவிட்டால், தென்னாட்டு விடுதலைப் போரின் முதல் பாசறைகளுள் ஒன்று. எது உண்மை என்பதை ஆதாரம் கொண்டு பார்ப்போம்.

கட்டியவர் யார்?

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். இக்கோட்டையைக் கட்டியவர் ஹைதர் அலி அல்லர். திப்பு சுல்தானும் அல்லர். மதுரையை ஆண்ட முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் 1605-ஆம் ஆண்டில் எழுப்பிய கோட்டை இது. திருமலை நாயக்கர் இதனை வலுப்படுத்தினார். நம்மவருள் சிலர் ஆர்வ மிகுதியால் ‘திப்பு கட்டிய கோட்டை’ என்று மேடையில் முழங்குவதுண்டு. அது பிழை. பிறர் உரிமையைப் பறித்து நம் பெருமையை நிலைநாட்ட வேண்டிய வறுமை நமக்கு இல்லை.

கோட்டையை ஏன் இவ்விடத்தில் கட்டினர்? மேற்கே பழனி மலைத்தொடர், கிழக்கே சிறுமலை. இரண்டுக்கும் இடையே உள்ள இடைவெளியில் இப்பாறை நிற்கிறது. கொங்கு நாட்டிலிருந்தும் மைசூரிலிருந்தும் மதுரைக்கு இறங்கும் வழி இதன் காலடியில்தான் செல்கிறது. ஆகவே மதுரையை ஆள்பவனுக்கு இது கதவு; மதுரையைக் கொள்ள விரும்புபவனுக்கு இது திறவுகோல். திருமலை நாயக்கர் காலத்திலேயே மைசூர்ப் படை திண்டுக்கல் வரை வந்து பொருதது. அன்று மைசூரை ஆண்டவர்கள் உடையார் மரபினர். இந்து மன்னர் ஒருவரின் படை, இந்து மன்னர் ஒருவரின் கோட்டையைத் தாக்கியது. இதனை எவரும் ‘அன்னியப் படையெடுப்பு’ என்று எழுதுவதில்லை. அரசுகளுக்கு இடையே நடந்த போர் என்றே எழுதுகின்றனர். சரியே. ஆனால் அதே மைசூரின் படை, அதே வழியில், அதே கோட்டைக்கு ஒரு நூற்றாண்டு கழித்து வந்தபோது மட்டும் அது எப்படி ‘முஸ்லிம் படையெடுப்பு’ ஆயிற்று?

1755-இல் ஹைதர் அலி திண்டுக்கல்லின் பௌஜ்தாராக அனுப்பப்பட்டபோது மைசூர் அரியணையில் அமர்ந்திருந்தவர் இரண்டாம் கிருஷ்ணராஜ உடையார். அனுப்பியவர் நஞ்சராஜர். ஹைதர் அன்று அரசரும் அல்லர், நவாபும் அல்லர். உடையாரின் கொடிக்குக் கீழ் ஊழியம் செய்த ஒரு படைத்தலைவர். தலைநகரில் அவர் சார்பாக இருந்து காரியங்களைக் கவனித்தவர் கண்டே ராவ் என்னும் பிராமணர். இந்த உண்மைகளை அடுக்கிப் பார்ப்போர்க்கு, ‘மதப் படையெடுப்பு’ என்னும் சொல் நாவில் எழுமா என்று கேட்கிறோம்.

வத்தலக்குண்டு சொல்லும் சான்று

இன்னும் ஐயமுடையோர் தொலைவில் தேட வேண்டா. நம் வத்தலக்குண்டையே கேட்கட்டும். வாழையும் வெற்றிலையும் விளையும் இவ்வூர், கொடைக்கானல் செல்வோர் இளைப்பாறும் ஊர் என்றே இன்று பெரிதும் அறியப்படுகிறது. தியாகி சுப்பிரமணிய சிவா 1884-இல் பிறந்த ஊர் என்பதைச் சிலர் அறிவர். ஆனால் அதற்கும் ஒரு நூற்றாண்டுக்கு முன்பு, 1760-இல், இங்கிருந்த கோட்டையை முன்னிட்டு ஒரு கடும்போர் நடந்ததை அறிந்தோர் மிகச் சிலரே.

அப்போரில் ஒரு புறம் நின்றது திண்டுக்கல்லிலிருந்து இறங்கிய மைசூர்ப் படை. மறுபுறம் நின்றது கிழக்கிந்தியக் கம்பெனியின் சிப்பாய்ப் படை. அச்சிப்பாய்ப் படைக்குத் தலைமை தாங்கியவர் யார்? முகம்மது யூசுப்கான், மருதநாயகம் என்று நாடு அறிந்த அதே வீரர். இராமநாதபுரச் சீமையில் பனையூரில் பிறந்து இஸ்லாத்தைத் தழுவியவர். ஒருபுறம் ஹைதரின் ஆள்கள்; எதிர்ப்புறம் யூசுப்கான்! இருதரப்புத் தலைமையும் முஸ்லிம்களிடம் இருந்த ஒரு போரை, எந்த மதக் கணக்கில் எழுதுவது?

அதன்பின் நடந்தது மேலும் சிந்திக்கத் தக்கது. கம்பெனிக்காக இத்தனை போர்களை வென்று கொடுத்த யூசுப்கான், பின்னர் அதே கம்பெனியையும் ஆற்காட்டு நவாபையும் எதிர்த்து மதுரையில் தனியாட்சி நிறுவினார். 1764 அக்டோபரில் அவரைத் தூக்கிலிட்டவர்கள் எவர்? ஆற்காட்டு நவாப் முகம்மது அலியும் அவருக்குத் துணை நின்ற ஆங்கிலேயருமே. ஒரு முஸ்லிம் நவாபின் ஆணையால் ஒரு முஸ்லிம் வீரர் தூக்கில் தொங்கினார். இதுவே அந்நூற்றாண்டின் அரசியல். அரியணை, வரி, நிலம், கம்பெனியின் சூழ்ச்சி ஆகியவையே அதனை இயக்கின. அதன்மேல் இருபதாம் நூற்றாண்டின் மதச் சண்டையைப் போர்த்திப் பார்ப்பவர்கள் வரலாறு எழுதவில்லை, வழக்கு ஜோடிக்கிறார்கள்.

பாசறை உருவான விதம்

ஹைதர் திண்டுக்கல்லில் என்ன செய்தார்? பாளையக்காரர்களை அடக்கினார், வரி தண்டினார், அதில் கடுமையும் காட்டினார். இதனை நாம் மறைக்கவில்லை. அக்கால ஆட்சியாளர் அனைவரும் செய்ததை அவரும் செய்தார். ஆனால் அவர் மட்டும் செய்த ஒன்று உண்டு. பிரெஞ்சுக்காரரின் தொழில்திறனைத் துணைகொண்டு இக்கோட்டையில் ஒரு படைக்கலச் சாலையையும் பீரங்கிப் பிரிவையும் அமைத்தார். ஐரோப்பியரின் போர்முறையைக் கற்று, அதனை அவர்களுக்கு எதிராகவே திருப்ப வேண்டும் என்ற திட்டம் இங்கேதான் அரும்பியது. எழுதப் படிக்கத் தெரியாத அந்தப் படைத்தலைவர், பின்னாளில் சென்னையின் வாயிலுக்கே சென்று 1769-இல் கம்பெனியை உடன்படிக்கைக்கு இணங்கவைத்தார் எனில், அதற்கான பயிற்சிக்களம் திண்டுக்கல்லே.

அந்தத் தொழில்நுட்ப நாட்டம் திப்புவின் காலத்தில் இரும்புக் குழலில் செய்த ஏவுகணைகளாக வளர்ந்தது. அவற்றைக் கண்ட பின்னரே ஆங்கிலேயர் தம் நாட்டில் காங்கிரீவ் ஏவுகணையை உருவாக்கினர். 1960-களில் அமெரிக்க விண்வெளி நிலையம் ஒன்றின் கூடத்தில் திப்புவின் ஏவுகணைப் படையைச் சித்திரிக்கும் ஓவியம் தொங்குவதைக் கண்டு வியந்ததாக, நம் இராமேசுவரத்தின் மைந்தர் அப்துல் கலாம் தம் வாழ்க்கை வரலாற்றில் பதிவு செய்துள்ளார். அமெரிக்கர் சுவரில் மாட்டி மதிக்கும் ஒன்றை, அதன் வேர் ஊன்றிய மண்ணில் பிறந்தவர்கள் அறியாதிருப்பது நாணத்தக்கதன்றோ!

வேலு நாச்சியாருக்குக் கதவு திறந்த கோட்டை

இனி இக்கோட்டை வரலாற்றின் மிக ஒளி மிகுந்த ஏட்டுக்கு வருகிறோம். 1772 ஜூனில் காளையார்கோவிலில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டார். கொன்றது ஆங்கிலேயப் படையும் ஆற்காட்டு நவாபின் படையும். கணவனை இழந்த வேலு நாச்சியார், சிறு பெண்ணான வெள்ளச்சியையும் அழைத்துக்கொண்டு எங்கே சென்றார்? திண்டுக்கல்லை அடுத்த விருப்பாட்சிக்கு. அங்கே பாளையக்காரர் கோபால நாயக்கர் அடைக்கலம் தந்தார். அப்பகுதிக்கு அரணாக இருந்தது ஹைதரின் அதிகாரம்.

பிரதானி தாண்டவராய பிள்ளை 1772 டிசம்பரில் ஹைதருக்கு ஒரு கடிதம் எழுதினார். 5,000 குதிரை வீரரும் 5,000 காலாட்படையினரும் அனுப்பி உதவ வேண்டும் என்பது அதன் வேண்டுகோள். சைவம் தழைத்த சிவகங்கையின் பிரதானி, நவாபின் கொடுமையிலிருந்து தம் அரசியை மீட்க, ஒரு முஸ்லிம் ஆட்சியாளரையே நம்பி எழுதினார். எட்டு ஆண்டுக் காத்திருப்புக்குப் பின், 1780-இல் ஹைதரின் படையுதவியோடு வேலு நாச்சியார் சிவகங்கையை மீட்டார். கம்பெனியின் பிடியிலிருந்து தம் சீமையைப் போரிட்டு மீட்ட அரசி என்று இன்று நாடே போற்றுகிறது. 2008-இல் அஞ்சல் தலையும் வெளியாயிற்று. மகிழ்ச்சி. ஆனால் அந்த அரசிக்கு அடைக்கலமும் படையும் தந்த கை எது என்பதைச் சொல்லும்போது மட்டும் பலரது குரல் தாழ்ந்துவிடுகிறது. ஏன்? வேலு நாச்சியாரின் வீரத்தை ஏற்போர், அவர் நம்பிய நட்பையும் ஏற்றுத்தான் ஆகவேண்டும்.

இங்கும் ஒன்றை வாசகர்கள் கருத வேண்டும். அவருடைய கணவரைக் கொன்ற கூட்டத்தில் முஸ்லிம் நவாபும் இருந்தார். அவருக்கு வாழ்வளித்த கூட்டத்தில் முஸ்லிம் சுல்தானும் இருந்தார். எனவே ‘முஸ்லிம்கள் செய்தது’ என்று ஒட்டுமொத்தமாய்ப் பழிப்பதும் பிழை. ஒட்டுமொத்தமாய்ப் புகழ்வதும் பிழை.

கோட்டை வீழ்ந்த பின்

ஆங்கிலேயர் இக்கோட்டைக்காக மும்முறை முயன்றனர். 1768-இல் கைப்பற்றினர், அவ்வாண்டிலேயே ஹைதர் மீட்டார். 1783-இல் மீண்டும் கைப்பற்றினர். 1784-இல் மங்களூர் உடன்படிக்கையின்படி திப்புவிடம் திருப்பித் தந்தனர். 1790 ஆகஸ்டில் மூன்றாம் மைசூர்ப் போரின்போது கர்னல் ஸ்டுவர்ட்டின் படை முற்றுகையிட்டது. கோட்டைக் காவலர்கள் ஆங்கிலேயரின் ஏறுதாக்குதலைப் பின்வாங்கச் செய்த பின்னரே கோட்டை ஒப்படைக்கப்பட்டது. 1792-இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கை அதனைக் கம்பெனிக்கு நிலையாக்கியது.

கதை அத்துடன் முடியவில்லை. ஹைதரும் திப்புவும் மூட்டிய கனலைக் கையிலேந்தியவர் விருப்பாட்சி கோபால நாயக்கர். திண்டுக்கல் கூட்டமைப்பு அவரது தலைமையில் எழுந்தது. மருது சகோதரர்களும் மலபார், கன்னடப் பகுதிப் போராளிகளும் தொடர்பில் இருந்தனர். 1800 ஜூனில் கோவைக் கோட்டையைத் தாக்கும் திட்டம் தோற்றபோது, 42 போராளிகள் தூக்கிலிடப்பட்டனர். அத்திட்டத்தில் முஸ்லிம் வீரர்களும் தோளோடு தோள் நின்றனர். 1801-இல் கோபால நாயக்கரும் தூக்குமரம் ஏறினார். அதே ஆண்டு சின்ன மருது திருச்சியில் ஒட்டச் செய்த பேரறிக்கை, எல்லாச் சாதியாரையும் அழைத்ததோடு முசல்மான்களையும் பெயர் சொல்லி அழைத்தது. நாட்டின் விடுதலை என்ற சொல் பிறந்த பொழுதே நாமும் அழைக்கப்பட்டிருந்தோம். அழைப்பை ஏற்றும் இருந்தோம்.

வெற்றுக் கருவறை எழுப்பும் வினா

மலை உச்சியில் ஒரு கோயில் நிற்கிறது. அதன் கருவறையில் மூலத்திருமேனி இல்லை. திப்பு அகற்றிவிட்டார் என்று ஒரு செவிவழிக் கதை உலவுகிறது. சிலர் அதைக் கொண்டு அவ்வப்போது சினத்தை மூட்டவும் முயல்கின்றனர். இவர்களிடம் நாம் பணிவோடும் உறுதியோடும் சில வினாக்களை வைக்கிறோம்.

இக்குற்றச்சாட்டுக்குக் கல்வெட்டு உண்டா? அக்கால ஆவணம் உண்டா? இருந்தால் காட்டுங்கள், ஏற்போம். கோயிலை அழிப்பதே நோக்கமாயின், 35 ஆண்டுகள் கோட்டையைத் தம் கையில் வைத்திருந்தவர்கள், பீரங்கியும் வெடிமருந்தும் குவித்து வைத்திருந்தவர்கள், கற்றளியை மட்டும் ஏன் நிற்க விட்டனர்? அவர்களுக்குப் பின் 1860 வரை, எழுபது ஆண்டுகள், இம்மலையைத் தம் படைவீடாக வைத்திருந்தவர்கள் ஆங்கிலேயர். அவர்களை நோக்கி இவ்வினா ஒருமுறையேனும் எழுப்பப்பட்டதுண்டா?

திப்பு குடகிலும் மலபாரிலும் நடத்திய போர்களில் மக்கள் பட்ட துன்பம் வரலாற்றில் உண்டு. அதை மறைக்க நாம் வரவில்லை. அதே வரலாற்றில் இதுவும் உண்டு: 1791-இல் மராட்டியப் படையினர் சிருங்கேரி மடத்தைச் சூறையாடினர், மடாதிபதி உதவி கோரியது திப்புவிடம், சாரதாம்பாள் திருமேனியை மீண்டும் நிறுவப் பொருளுதவி செய்தவர் திப்பு. அக்கடிதங்களை 1916-இல் மடத்திலிருந்து வெளிக்கொணர்ந்தவர் மைசூர்த் தொல்பொருள் துறையின் தலைவர் நரசிம்மாச்சார். சீரங்கப்பட்டணத்தில் அரங்கநாதர் கோயில் திப்புவின் கோட்டைக்குள்ளேயே இன்றும் பூசையோடு விளங்குகிறது. ஒரு மனிதரை எடைபோடத் தராசுக்கு இரண்டு தட்டுகள் வேண்டும். ஒரு தட்டை ஒளித்துவைப்பவர் வணிகத்திலும் நேர்மையானவர் அல்லர், வரலாற்றிலும் அல்லர்.

நாம் வேண்டுவது என்ன?

2013-இல் தமிழக அரசு ஹைதர் அலிக்கும் திப்பு சுல்தானுக்கும் திண்டுக்கல்லில் மணிமண்டபம் அமைப்பதாக அறிவித்தது. பின்னர் அது எழுந்தது. நன்றியோடு வரவேற்கிறோம். ஆயினும் ஒன்றைச் சொல்லாமலிருக்க முடியவில்லை. இவர்கள் வாழ்ந்த, காத்த, போரிட்ட மெய்யான கோட்டை அதே ஊரில் நிற்கிறது. புதிய மண்டபத்தில் படம் மாட்டிவிட்டு, பழைய கோட்டையில் அவர்கள் கதையை ஒரு தொடரோடு முடிப்பது எவ்வகை மரியாதை? மாலை போடுவதற்கு ஓரிடம், மறப்பதற்கு ஓரிடம் என்று பிரித்து வைப்பது வரலாற்றைப் போற்றும் முறையன்று.

ஆகவே நாம் கேட்பது இது. மலைக்கோட்டைக்கு வரும் ஒவ்வொரு மாணவனும், முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் தொடங்கி, ஹைதர், திப்பு, வேலு நாச்சியார், தாண்டவராய பிள்ளை, கோபால நாயக்கர் வரை அனைவர் கதையையும் ஒருங்கே, தமிழில், அவ்விடத்திலேயே படிக்க வாய்ப்பு வேண்டும். ஒருவர் பெயரைச் சேர்ப்பதற்காக இன்னொருவர் பெயரை நீக்கக் கூடாது. இது நம் சமுதாயத்துக்கான சலுகை அன்று. நாட்டின் நினைவுச் சின்னத்துக்குச் செலுத்த வேண்டிய கடன்.

நம் சமுதாயத்தாருக்கும் சொல்ல வேண்டியது உண்டு. கோட்டையின் அடிவாரத்தில் பேகம்பூர் இருக்கிறது. ஹைதரின் சகோதரி அமீருன்னிஸா பேகம் அடங்கிய இடம் என்று வழிவழியாகப் போற்றப்பட்டு, அவரால் பெயர் பெற்ற ஊர் அது. பேகம்பூர்ப் பள்ளிவாசலில் தொழுதுவிட்டு வரும் இளைஞர்களுள் எத்தனை பேர் அந்த அம்மையார் யார் என அறிவர்? வீட்டுப் பெட்டிகளில் பழைய பத்திரங்கள் செல்லரிக்கின்றன. பள்ளிவாசல் கணக்கேடுகள் ஈரத்தில் கிடக்கின்றன. முதியோர் நெஞ்சில் இருக்கும் செய்திகள் அவர்களோடு மண்ணுக்குள் செல்கின்றன. சான்றுகளைக் காக்காத சமுதாயம், பிறர் எழுதும் தீர்ப்பைக் கேட்டு அழுவதில் பயன் இல்லை. அறிந்த சாட்சியத்தை மறைக்கலாகாது என்பது நம் மார்க்கம் கற்பித்த நெறி. அது நீதிமன்றத்துக்கு மட்டும் உரியதன்று.

எனவே வாசகக் குடும்பங்களை வேண்டுகிறோம். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மலைக்கோட்டைக்குச் செல்லுங்கள். கட்டியவர் நாயக்கர் என்பதை முதலில் சொல்லுங்கள். அங்கே பீரங்கி வார்த்தவரின் கதையைச் சொல்லுங்கள். அடைக்கலம் தேடி வந்த அரசியின் கதையைச் சொல்லுங்கள். வத்தலக்குண்டு வழியே திரும்பும்போது, இங்கே யூசுப்கான் எவர் பக்கம் நின்றார், பின்னர் எப்பக்கம் திரும்பினார், எவரால் மாண்டார் என்பதையும் விளக்குங்கள். வீட்டிலுள்ள பழைய ஏடுகளை எடுத்துத் துடைத்து, படிக்கத் தெரிந்தவரிடம் காட்டிப் படியெடுத்து வையுங்கள். நாளை பள்ளியில் எவரேனும் ‘நீங்கள் வந்தேறிகள்’ என்று சொன்னால், நம் பிள்ளைகள் கலங்கவும் வேண்டா, சினக்கவும் வேண்டா. ஆண்டும் பெயரும் இடமும் சொல்லி விடையளிக்கும் அறிவு அவர்களிடம் இருக்கட்டும். அந்த அறிவை ஊட்டும் பொறுப்பு, இன்ஷா அல்லாஹ், நம் ஒவ்வொரு வீட்டிலும் இன்றே தொடங்கட்டும்.